நாற்பதுக்குக் கீழே

மாசிலாமணிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சிறுநீரகம். அதற்குள்ளும் ஒரு கல். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்தவர், ஊரார் வெள்ளம் பார்ப்பதுபோலத் திரையில் தன் உட்புறத்தைப் பார்த்தார். மேலே தொங்கிய பையிலிருந்து கருவியோடு உள்ளே பாயும் தண்ணீரின் அழுத்தம் திரையின் ஓரத்தில் சிவப்பாக எரிந்தது: அறுபத்திரண்டு.

"பையைக் கொஞ்சம் கீழ எறக்குங்கம்மா. முப்பது வருசம் முனிசிபாலிட்டில தண்ணி தொறந்து விட்டவன் சொல்றேன், லைன் தாங்காது."

"எறக்குனா கல்லு தெரியாதுங்கய்யா," என்றார் டாக்டர் நஸ்ரின். "தண்ணியிலயே மருந்து கலந்திருக்கேன். உங்க சிறுநீர்க் குழாய் தானாத் தளர்ந்து குடுக்கும். நாப்பதுக்குக் கீழ வந்தாத்தான் உடைப்பேன். இல்லேன்னா கிருமி ரத்தத்துல ஏறிடும்."

மாசிலாமணி யோசித்தார். குழாய்களைத் திருகியிருக்கிறார், திட்டியிருக்கிறார், ஒருமுறை செருப்பாலும் அடித்திருக்கிறார். எதையும் தளரச் சொல்லிக் கேட்டதில்லை.

எண் இறங்கியது. ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்றில் வந்து உட்கார்ந்துகொண்டது.

டாக்டரின் கால், கல்லை உடைக்கும் லேசரின் மிதிக்கு மேலே போய் நின்றது. "ஒண்ணுதானே, ஆரம்பிச்சிடவா?" என்று தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டரைத்தான் கேட்டார்.

"பொறுங்கம்மா," என்றார் மாசிலாமணி. "வந்துகிட்டிருக்கு. அதட்டாதீங்க."

டாக்டர் காலை எடுத்துத் தரையில் வைத்தார்.