மூடாமல் விட்ட பக்கம்

மடிக்கணினித் திரையில் அம்புக்குறி பெருக்கல் குறியின் மேல் நின்றது.

அழுத்தினால் பழைய பக்கம் மூடிக்கொள்ளும். அவளுடைய விரல் பாதி இறங்கியிருந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

பிற்பகல். சன்னலின் திரைச்சீலை உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. உள்ளறையில் கணவர் நாச்சிமுத்து உறங்கிக்கொண்டிருந்தார். திரைச்சீலையும் அவருடைய மூச்சும் ஒன்றையொன்று கேட்டு அசைவதாக அவளுக்குத் தோன்றியது.

பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். ஒரே வேளையில் நான்கு ஓட்டுநர்களோடு சண்டை பிடிக்கக்கூடியவர்.

ஏழு மாதங்களாக அவரிடம் ஓரெழுத்துதான் மிஞ்சியிருக்கிறது. தா. குடைக்கும் தா. சாவிக்கும் தா. அவளுக்கும் தா. பக்கவாதம் வலக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. சொற்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அதற்காக அவளே எழுதிய பயிற்சிப் பக்கம் இது. பதினெட்டு ஆண்டுகளாக அலுவலகத்தில் யார் யாருக்கோ மென்பொருள் எழுதியவள், வீட்டுக்கென்று எழுதிய முதல் பக்கம். ஒரு படம் வரும். அதன்கீழ் அதற்குரிய சொல் வரும். அவர் பொத்தானை அழுத்திச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் குரல், இந்த மடிக்கணினியின் உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளத்தில் போய் அமர்ந்துகொள்ளும்.

வெளியே எங்கும் போகாது. வேறெங்கும் நகல் கிடையாது.

அவளும் கேட்கக் கூடாது. அது அவர் விதித்த நிபந்தனை. அவளைக் காட்டி, காதைக் காட்டி, கையை இருமுறை ஆட்டினார். பேச்சுப் பயிற்சி தர வரும் ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

"ஒட்டுக் கேக்காதீங்க்கா. நீங்க கேக்கறீங்கன்னு தெரிஞ்சா, சார் அந்தத் தாவையும் பூட்டி வெச்சுக்குவாரு."

இருநூற்றுப் பதினான்கு பதிவுகள். அவள் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

இன்று அவற்றைத் தேதி வாரியாக அடுக்க ஒரு வசதி சேர்த்தாள். தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணை ஒன்றிலிருந்து இரண்டாக்கினாள். பயிற்சிப் பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள்.

வெறும் வெள்ளை.

காரணம் எளியது. காலையில் அவர் பயிற்சி செய்த பக்கம் அதே உலாவியில் இன்னும் திறந்திருந்தது. பழைய பதிப்போடு ஒருவர் உள்ளே இருக்கும்வரை, புதிய பதிப்பு வாசலில் காத்திருக்கும். பழைய பக்கத்தை மூடினால் போதும்.

மூடப் போனபோதுதான் நிரலில் இருந்த அந்த வரி நினைவுக்கு வந்தது.

எண் மாறினால், இருக்கும் தரவுப் பெட்டகத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கு.

அவள் எழுதிய வரி. முதல் நாள், பெட்டகம் காலியாக இருந்தபோது, சோதனைக்காக எழுதியது. அழித்து அழித்துக் கட்டிப் பார்ப்பது அவளுடைய தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கட்டி முடித்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.

நீக்கவில்லை.

வாசலில் காத்திருப்பது அந்த வரி. பழைய பக்கம் மூடியதும் உள்ளே வந்து, இருநூற்றுப் பதினான்கையும் அழித்துவிடும்.

விரலை மெல்ல உயர்த்தினாள். உறங்குகிறவரைத் தாண்டிப் போவதுபோல அம்புக்குறியை நகர்த்தினாள். புதிய பக்கத்தை முதலில் மூடினாள். அதன் காத்திருப்பும் அதனோடு கலைந்தது.

பிறகு, பழைய பக்கத்தின் வழியாகவே உள்ளே போனாள்.

பதிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆழக் கிணற்றில் விட்ட வாளி தானே ஏறி வருவதுபோல, ஓசையில்லாமல், அவசரமில்லாமல். குடை. சாவி. சீப்பு. கத்தரிக்காய். மறுபடி குடை. ஒவ்வொரு பெயரின் அருகிலும் அதன் நேரம் இருந்தது. மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். ஒரு சொல்லோடு ஒரு மனிதர் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

இருநூற்றுப் பதினான்கும் வேறொரு கோப்புறைக்கு வந்து சேர்ந்தன.

நகல் எடுத்தால் ஒன்றையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் நகலே அன்று. அதையும் அவளுடைய தொழில்தான் கற்பித்திருந்தது.

அவள் உள்ளறையின் கதவைப் பார்த்தாள்.

காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, இன்று காலையின் பதிவை அழுத்தினாள். குடை. நான்கு நிமிடம்.

குக்கரின் சீறல். தண்ணீர் விழும் ஓசை. தொலைவில் ஒரு பெண் எதையோ முனகுகிறாள். சொற்கள் இல்லை, மெட்டு மட்டும். அந்தப் பெண் தானேதான் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

எப்போதோ வானொலியில் வந்த சலவைச் சோப்பு விளம்பரம். இத்தனை மட்டமான பாட்டைத் தான் சமைக்கும்போது முனகுவதாக யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அப்போது, மிக அருகில், அவர் குரல்.

"ஊற வை, அலசு, உதறிப் போடு..."

முழுதாக. ஓரெழுத்தும் உடையாமல். தொலைவில் நடக்கும் அவளுடைய மெட்டைப் பற்றிக்கொண்டு, சொல் பின் சொல்லாக, கரை வரைக்கும்.

முனகல் நின்றது. அடுப்பை அணைக்கத் திரும்பியிருப்பாள்.

அவர் தனியாக ஒருமுறை முயன்றார்.

"தா."

பிறகு நெடுநேரம் மூச்சு மட்டும். முனகல் மீண்டும் தொடங்கியது. அவரும் தொடங்கினார்.

காதொலிப்பானைக் கழற்றி வைத்தாள். திரைச்சீலை உப்பி நின்றது.

அடுக்களைக்குப் போனாள். சமைக்க ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து, கழுவிய தட்டு ஒன்றை மறுபடி கழுவினாள். முனகத் தொடங்கினாள். வழக்கத்தைவிட ஒரு பங்கு உரக்க, கதவை நோக்கி.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

அவள் குழாயை மூடினாள். முனகுவதை நிறுத்தவில்லை.