தொட்டித் தண்ணீர்

"ஏங்க, எத்தனை தரம் பாய்ச்சினாலும் நம்ம தக்காளி வயல் காஞ்சுருது. தொட்டியும் காலியாகுது. உங்க தம்பி வயல் மட்டும் ஈரமாவே கெடக்கு. அவரு பொண்டாட்டி மாரிச்செல்விதான் மொண்டுட்டுப் போறா!"

யுவராணி தன் கணவன் வேல்ராஜிடம் பொருமினாள். செடியெல்லாம் பூத்திருந்தது. இப்போது வாடினால் பூ கொட்டிவிடும்.

வேல்ராஜ் வேளாண்மை அதிகாரிக்குப் போன் போட்டான்.

"ரெண்டு வயலுக்கும் ஒரே உரமா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல சார். நான் நைட்ரேட் உரம் போட்டேன். தம்பி அம்மோனியம் சல்பேட் போட்டான்."

"அதான் விஷயம். நைட்ரேட் போட்ட தக்காளி தண்ணியை அதிகமா இழுக்கும். அம்மோனியம் போட்டது கம்மியாத்தான் குடிக்கும். யாரும் திருடலை."

யுவராணி நம்பவில்லை. "நேத்து அவ நம்ம தொட்டிகிட்ட குடத்தோட நின்னதை என் கண்ணால பாத்தேன்" என்றபடி வயலுக்கு ஓடினாள்.

மாரிச்செல்வி இன்றும் தொட்டியின் மேல் குனிந்து நின்றாள்.

"ஏண்டி, இன்னைக்குக் கையும் களவுமா சிக்கிட்டியா?"

மாரிச்செல்வி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் கையில் சாய்ந்திருந்த குடத்திலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"உங்க செடி வாடுதுல்லக்கா. எங்க தண்ணி மிச்சம் இருந்துச்சு. சொன்னா வாங்க மாட்டீகன்னுதான் சொல்லாம ஊத்துனேன்."