ஆய்வாளரின் பதினான்காயிரம் காலடிகள்

ஏழாம் டோக்கன் உள்ளே போனதும், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் மனைவியின் இடது கையைப் பிடித்து வாட்சைக் கழற்றினார்.

கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார். அவளுக்கு மூன்றாம் துளையிலேயே நின்ற வார், அவருக்குக் கடைசித் துளைவரை போய், அதற்கே மூச்சு முட்டியது.

“உள்ள வந்து உன் நெஞ்சுவலிக் கதையை ஆரம்பிச்சுடாதே. டோக்கன் என் பேர்ல.”

“வலின்னு யார் சொன்னா? மாடி ஏறினா அடைக்குதுன்னுதான் சொன்னேன்.”

ஒரு மாதமாக அடைக்கிறது. துணி காயப்போடப் போகையில் பாதிப் படியில் நின்று, தெருவில் எதையோ வேடிக்கை பார்ப்பவள்போல் நடித்துவிட்டு மேலே ஏறுகிறாள். டாக்டரம்மாவிடம் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட வேண்டும் என்றுதான் கூடவே கிளம்பி வந்திருந்தாள்.

ஆய்வாளர் என்றால் எடைக்கல் ஆய்வாளர். முப்பது வருடம் கடை கடையாக ஏறித் தராசைப் பிடித்தவர். எடைக்கல்லைக் கையில் எடுத்ததும் தலைகீழாகத் திருப்பி, அடியில் முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். ஐந்து கிராம் குறைந்தால் அழுதாலும் விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்டிப்பைத் தன் ஆயுள் பக்கம் திருப்பிவிட்டார்.

வெளியூர் மகள்தான் வாட்சை அனுப்பினாள். காலடி, துடிப்பு, தூக்கம் என்று அது எண்ணுவதெல்லாம் ஆய்வாளர் போனிலும் மகள் போனிலும் பதிவாகும். ‘பெற்றோர் நீண்ட நாள் வாழ ஒன்பது நல்ல பழக்கங்கள்’ என்று ஒரு தாளும் கூடவே வந்தது. ‘பெற்றோர்’ என்பதை அவர் தனக்குக் கொடுத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

விடிந்ததும் வெந்நீர் குடித்தார். வைத்துக் கொடுத்தது அவள். ஐந்து நிறத்தில் பழம் தின்றார். அந்த ஐந்தையும் தேடிப் பிடித்துத் தோல் சீவியது அவள். மனம்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று ஏழாவதாகப் போட்டிருந்ததை மட்டும் யார் உதவியும் இல்லாமல் தானே செய்துகொண்டார்.

எட்டாவது, நடை. இரண்டு நாள் தெருமுனைவரை போய் வந்தார். மூன்றாம் நாள் வார் அரிக்கிறது என்றார்.

“நீ எப்படியும் வீட்டுக்குள்ள சும்மா சுத்திக்கிட்டுத்தானே இருக்கே? நீ கட்டிக்கோ.”

சும்மா சுற்றியதில் முதல் நாளே பன்னிரண்டாயிரம் காலடி. ‘சூப்பர்ப்பா!’ என்று மகள் செய்தி அனுப்பினாள். அதைப் பழைய ஆபீஸ் நண்பர்கள் அத்தனை பேருக்கும் காட்டினார். பதினான்காயிரம் ஆன அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, “இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணா பதினஞ்சைத் தொட்டுடலாம்” என்றார். தொடுவதற்காக, அவளை உப்பு எடுத்து வர அனுப்பினார்.

எட்டாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா அவருடைய போனை வாங்கி, ஒரு மாதப் பதிவையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ராத்திரி நாலரை மணி நேரம்தான் தூங்குறீங்களா?”

“உழைப்பு அப்படி, டாக்டர்.”

“தினம் மத்தியானம் ரெண்டு மணிக்கு என்ன பண்ணுவீங்க?”

“படுத்துக்கிட்டு நியூஸ் கேப்பேன்.”

“படுத்துக்கிட்டா? துடிப்பு நூத்து நாப்பதுக்குப் போகுது. நடுநடுவுல தாளம் தப்புது.”

“இப்பல்லாம் நியூஸே அப்படித்தான் டாக்டர் இருக்கு.”

இரண்டு மணிக்குத்தான் துணிவாளி மாடி ஏறும். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஐந்து கிராமுக்கு ஆளையே உலுக்கிய மனிதர். இது இவளுடைய கணக்கு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா?

அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

“கேட்டியா? நான் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கேன்னு இப்பவாவது தெரியுதா உனக்கு?” என்றார்.

டாக்டரம்மா அவர் கையை வாங்கி, வாட்சை அவிழ்த்துவிட்டு நாடி பார்த்தார். நிதானமாக, நெடுநேரம் பார்த்தார். மேஜைமேல் கிடந்த வாரை விரலால் ஒருமுறை நீவினார். மூன்றாம் துளை மட்டும் இழுபட்டு அகன்றிருந்தது. ஒரு சீட்டை எழுதி மடித்துக் கொடுத்தார்.

“எதிர் ரூம்ல ஈசிஜி. இப்பவே எடுக்கணும். ரெண்டு பேரும் போங்க.”

“டாக்டர், எனக்கும் கொஞ்சம்...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“வா, வா, நேரமாகுது” என்று அவர் எழுந்துவிட்டார். மிச்சத்தை அவள் விழுங்கிக்கொண்டாள்.

எதிர் அறையில் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே போய், அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நர்ஸ் சீட்டைப் பிரித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

“சட்டையைப் போட்டுக்கிட்டு வெளிய உக்காருங்க சார். அம்மா, நீங்க வாங்க.”

“டோக்கன் என் பேர்லம்மா!”

நர்ஸ் சீட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதன் கீழே இருந்தது ஒரே வரி:

‘பெண். இடது மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தடம் இருக்கும்.’

அவர் இறங்கிய கட்டிலில் அவள் ஏறிப் படுத்தாள். நர்ஸ் அவளுடைய இடது கையை எடுத்து, அடிப்பக்கம் தெரியும்படி மெல்லத் திருப்பினாள்.

முத்திரை இருந்தது.