காய்வள்ளி வம்சம்

பந்தலில் தொங்கிய காய்வள்ளிகளில் ஒன்றைப் பறித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் மிருணாளினியின் மூக்கருகே நீட்டினார் தெய்வசிகாமணி. சொறி பிடித்தது போன்ற தோல். அவர் நகம் கீறிய இடத்தில் கோழை வடிந்தது.

"இது காயில்லம்மா, கிழங்கு. பூ வேணாம், மகரந்தம் வேணாம், இன்னொருத்தர் தயவே வேணாம். இலைக்கணுவுல உருண்டு கீழ விழும், பழைய கொடியாவே முளைக்கும். நம்ம வம்சமும் அதேதான்!"

உண்மைதான். கூடத்துப் படங்களில் கொள்ளுத்தாத்தா முதல் அவள் கணவன்வரை அதே தொங்கு கன்னம், அதே ஈர உதடு.

"அப்ப நான் எதுக்கு மாமா?"

"கொடி படரப் பந்தல் வேணாமாம்மா?" என்றார் பெருந்தன்மையோடு.

தன் அம்மாவின் காது மட்டுமாவது குழந்தைக்கு வந்துவிடட்டும் என்று அன்றிலிருந்து வேண்டத் தொடங்கினாள்.

அவளையும் குழந்தையையும் பிரசவ அறையிலிருந்து கொண்டுவந்து கிடத்தியதும், துணியை விலக்கிக் குழந்தையின் காதைத்தான் முதலில் தேடினாள். அதற்குள் அது, அழுவதற்குப் பதிலாக, மேடையேறிய பெரிய மனிதரைப்போல ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது. சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தபந்தமெல்லாம் மரியாதையாக எழுந்து நின்றது. முதலில் எழுந்தவன் அவள் கணவன்.