பன்னிரண்டாவது நாற்காலி

"அந்த நாற்காலியை எடுத்துடுங்க"ன்னாங்க மிஸஸ் பெட்ரி, எங்க பிரின்சிபால்.

"முடியாது மேடம்"னான் எங்க வகுப்பு ட்ரெண்ட்.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒத்திகை நடந்துக்கிட்டிருந்துச்சு. மனுஷங்களைவிட மாடுங்க ஜாஸ்தியா இருக்கிற விஸ்கான்சின் ஊர் எங்களோடது. கடைசி வகுப்புல மொத்தமே பன்னிரண்டு பேர். கிண்டர்கார்ட்டன்லேருந்து அதே பன்னிரண்டு மூஞ்சிதான்.

பிப்ரவரியில அது பதினொண்ணாச்சு. ஜனெஸ்ஸாவோட அப்பா வைக்கோல் பரண்லேருந்து விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டாரு. கொட்டகையில நாப்பது மாடு, பார்த்துக்க வேற ஆள் கிடையாது. அவ பள்ளிக்கூடம் வர்றதை நிறுத்திட்டா.

அதனால ஜிம் ஹால்ல எங்க வரிசைக்கு முன்னால தனியா ஒரு நாற்காலி போட்டோம். அது மேல ஒரு பட்டமளிப்பு அங்கி, ஒரு வெள்ளை ரோஜா. மூணு வருஷம் முன்னாடி, உறைஞ்ச ஏரியில பனி உடைஞ்சு பனிவண்டியோட மூழ்கிப்போன சீனியர் பையனுக்கு அப்படித்தான் போட்டாங்க, ஊரே அழுதுச்சு. ஜனெஸ்ஸாவுக்கும் அதே மாதிரி போடணும்னு சொன்னதே இந்த பிரின், நான்தான்.

மிஸஸ் பெட்ரி எங்களை ஒரு பார்வை பார்த்தாங்க. "அவளுக்கு ரெண்டு பாடம் பாக்கி. முடிக்காதவங்க பேரை நான் வாசிக்க முடியாது. ஆனா இந்த நாற்காலி வேண்டாம்."

ஏன்னு கேட்டோம். ரோஜாவை எடுத்து மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டாங்க.

எங்களுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுன்னேன் நான். அவங்க நடந்துபோன தரையில சாணி ஒட்டியிருந்ததைக் காட்டினான் ட்ரெண்ட். டவுன்ல கடை மாடியில குடியிருக்கிறவங்களுக்குக் கீழ பார்த்து நடக்கக்கூடத் தெரியலைன்னு சொல்லிச் சிரிச்சோம். வசந்தம் முழுக்க அவங்க ஷூவைப் பத்தி எங்களுக்கு அதே கிண்டல்தான்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். நாற்காலி இருக்கும். அதை யாராவது தொட்டா, பதினொரு பேர்ல ஒருத்தரும் மேடையேறிப் பட்டம் வாங்க மாட்டோம். ஜனெஸ்ஸா பேர் போட்ட சட்டை தச்சு, அங்கிக்கு உள்ள போட்டுக்கிட்டோம்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஹால் நிறைஞ்சிருந்துச்சு. முதல்ல நான் பண்ணின படத்தொகுப்பு. பதிமூணு வருஷமும் திரையில ஓடுச்சு. மூணாவது படிக்கிறப்போ ஸ்கூல் பஸ் பனியில மாட்டி நாலு மணி நேரம் நின்னுச்சு. டப்பாவுல இருந்த சீஸ் துண்டை ஜனெஸ்ஸா எல்லாருக்கும் பங்கு வச்சா. ஏழாவதுல அவ கூட்டிட்டு வந்த கன்னுக்குட்டி, ட்ரெண்டோட பேச்சுத் தாளைத் தின்னுச்சு. எல்லாப் படத்துலயும் அவ என் பக்கத்துல இருந்தா. பேர் வரிசையில எனக்கு அடுத்தது அவதான்.

படம் முடிஞ்சதும் நாங்க எழுந்து அங்கி ஜிப்பை இறக்கினோம். பதினொரு நெஞ்சுலயும் அவ பேர். ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. பத்திரிகைக்காரர் ஃபோட்டோ எடுத்தாரு. எனக்குப் பெருமை தாங்கலை.

மிஸஸ் பெட்ரி நேரா வந்து நாற்காலியைத் தூக்கினாங்க.

கூட்டம் கூச்சல் போட்டுச்சு. "நாங்க யாரும் பட்டம் வாங்கப் போறதில்ல"ன்னு ட்ரெண்ட் கத்தினான். நாங்க அவனுக்குப் பின்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னோம்.

அவங்க காதுலயே வாங்கலை. ரோஜாவை ஓரமா வச்சாங்க. எங்க வரிசையை நகர்த்தச் சொல்லி, எனக்கு அடுத்து அந்த நாற்காலியைப் போட்டாங்க. அங்கியைக் கையில எடுத்துக்கிட்டு வாசலைப் பார்த்தாங்க.

வாசல்ல ஜனெஸ்ஸா நின்னுக்கிட்டிருந்தா, ரப்பர் பூட்ஸோட.

அவ தோள்ல அங்கியைப் போட்டுவிட்டு, மிஸஸ் பெட்ரி மைக்குல சொன்னாங்க: "கடைசி பரீட்சை முடிவு இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பட்டம்."

கைதட்டல்ல கூரையே அதிர்ந்துச்சு. ஜனெஸ்ஸா என் பக்கத்துல வந்து உக்காந்தா. ஓரமாக் கிடந்த ரோஜாவைப் பார்த்தா.

"அது செத்தவங்களுக்கு வைக்கிறது. நான் உயிரோடதான் இருக்கேன்"னா.

எப்போ படிச்ச, எப்படிப் படிச்சன்னு ஒரு வழியா கேட்டேன்.

"தினமும் காலையில நாலரை மணிக்கு மேடம் வருவாங்க. நான் கறவை மெஷினை மாட்டுவேன். அவங்க வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து பாடம் நடத்துவாங்க. ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல."

நான் மிஸஸ் பெட்ரியோட ஷூவைப் பார்த்தேன். ஓரத்துல இன்னைக்கும் சாணி காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு.

ஜனெஸ்ஸா என் சட்டையில இருந்த அவ பேரை ஒரு தடவை படிச்சா. அப்புறம் சாதாரணமாத்தான் கேட்டா:

"பிரின், உங்க வீட்டுலேருந்து எங்க கொட்டகை அரை மைல் இருக்குமா?"

அங்கி ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டேன்.