போதும் தாயி

மழையைப் போகச் சொல்லும் பாட்டை, மழையே இல்லாத ஆவணியில் ஊரெல்லாம் ஓடவிட்டால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

பாப்பாயிக்கு வந்தது.

மலையூரான வாழவந்தி நாட்டிலிருந்து பஸ்ஸேறி சோளக்காட்டுச் சந்தையில் இறங்கியவள், நேராகப் பொன்னம்மாளின் மிளகுக் கடைக்குப் போனாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்று அர்த்தனாரி மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்.

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். மலையின் சாமிப் பாட்டுகளைப் பதிந்து, பருவம் வாரியாக, காலம் வாரியாகப் பிரித்து, போனில் கேட்கிற மாதிரி ஒரு சேனல் நடத்துகிறார். தை மாதம் வந்து பாப்பாயியிடம் ஏழு பாட்டு வாங்கிப் போயிருந்தார்.

"ஏனுங்க, போதும் தாயி, ஊட்டுக்குப் போன்னு நாள் முச்சூடும் பாடினா எந்த மழைங்க வரும்? உங்க ஊட்டுக்கு வார விருந்தாளிய வாசல்ல நிக்கவெச்சு அப்படிப் பாடிப் பாருங்க! சாமையெல்லாம் காயுதுங்க!"

மிளகு பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அர்த்தனாரியும் சிரித்தார்.

"பாட்டுல மழை வருதுங்கம்மா, அதான் மழைக்காலத்துல வெச்சேன். எத்தன ஆயிரம் பேரு கேக்கறாங்க தெரியுமா?" திரையைப் பார்த்துப் பெருமையாகப் படித்தார். "பருவம், மழை. காலம், நானூறு வருஷத்துக்கு முந்தி. பாட்டுக் கட்டுனவங்க, தெரியல."

பாப்பாயி மிளகு மூட்டையில் ஓங்கி அறைந்தாள்.

"யாருக்குத் தெரியல?"

யாரும் சிரிக்கவில்லை.

"எடுத்துப்போடுங்க அத."

அவ்வளவுதான். விறுவிறுவென்று போய்விட்டாள்.

"நாலு சாமைக்கு இந்தக் கோபமா?" என்றார் அர்த்தனாரி.

பொன்னம்மாள் சிதறிய மிளகைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அவளுக்கு ஏதுங்க சாமை? ஏழு வருஷம் முன்னால மண்ணு சரிஞ்சு சாமைக்காடு மொத்தமும் மூடிருச்சு. மகளும் அதுக்குள்ளதான். மழை உட்டாத்தான் தோண்ட முடியும்னாங்க. மூணு நாளு அங்கயே நின்னு அவளாக் கட்டிப் பாடுனது அது. நீங்க எல்லாத்தையும் பாடுன்னீங்க. பாடிட்டா."

மறுநாள் காலை அர்த்தனாரி சேனலிலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டார்.

முதல் பஸ்ஸின் டிரைவர் அதை முன்பே பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். பஸ் பாடிக்கொண்டே மலையேறி வந்தது.