தானாகக் குறைந்த வேகம்

முதன்முறையாகப் புருஷன் செங்கோட்டுவேலின் லாரியில் ஏறியிருந்தாள் பூங்கோதை. முப்பது டன் சிமென்ட்டோடு தொப்பூர் இறக்கத்தில் வண்டி தானாகவே நிதானித்து இறங்கியது.

“பாரு புள்ள, பெடல்ல காலே வெக்கல. எல்லாம் ஏஐ க்ரூஸ் கண்ட்ரோல். எங்க மெதுவாப் போவேன், எங்க வெரசாப் போவேன்னு எம்பழக்கம் மொத்தமும் அதுக்கு அத்துப்படி,” என்று பீற்றிக்கொண்டான்.

தொப்பூர் தாண்டியதும், ஆளில்லாத சாலையில் வண்டி வேகம் குறைந்தது. அவன் முகம் வெளிறியது. ஆக்சிலேட்டரை மிதிக்கப் போனான். பழக்கம் விட்டுப்போன கால் பதற்றத்தில் பிரேக்கை மிதித்தது. ஒரு நீல வீட்டின் எதிரே வண்டி குலுங்கி நின்றது.

ஓடிவந்த சிறுமி லாரிப் படியில் மளமளவென்று ஏறிக் கதவைத் திறந்தாள். அந்த முகம் செங்கோட்டுவேலை அப்படியே உரித்து வைத்திருந்தது.

“அப்பா, என் சீட்டுல உக்காந்திருக்கறது யாரு?”